துரை கொடுத்த ஏர் கன்

பெள்ளி ஹவில்தார் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்ததுமே நஞ்சப்பன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். துடைப்பதென்றால் சும்மா ஊதி வேட்டியில் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதானே, இந்த மனுஷன் அதற்கென்று ஒரு மஞ்சள் துணி வைத்திருக்கிறார், அதை உதறுகிறார், நாலாக மடிக்கிறார், மடித்தது சரியில்லை என்று மறுபடி உதறுகிறார். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவர். குன்னூர்ப் பக்கம் பழைய துப்பாக்கி எதுவானாலும் இன்ன சாமான், இன்ன காலம், இன்ன விலை என்று சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது என்று கேள்வி. அவர் வீட்டு முன்னறையில், மேஜைமேல் விரித்த கம்பளியின் நடுவில், நஞ்சப்பனின் ஏர் கன் மல்லாந்து கிடந்தது. மணி மூணு. எதிர்ப் பெஞ்சில் நஞ்சப்பன், பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டுத் தெய்வானை, அந்த இடத்தில் தெய்வானையின் ஒயர் கூடை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் நடுவில் ஒயர் கூடை எதற்கு என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. கதை பதினோரு வருஷத்துப் பழையது. அந்தக் கதைக்குத்தான் இன்றைக்கு ஹவில்தார் விலை சொல்லப்போகிறார். துப்பாக்கிக்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவை நஞ்சப்பன் அய்யன் என்றுதான் கூப்பிடுவான், அந்த அய்யனின் கருமாதி முடிந்த அன்றைக்குக் கோத்தகிரி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பாடு, நஞ்சப்பன் இரண்டு தடவை பாயசம் வாங்கியிருந்தான், அந்தப் பாயசம்தான் கெடுத்தது என்று அவனுக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம். வயிறு நிறைந்தால் அவனுக்கு மனசும் நிறைந்துவிடும், அது சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. மாமாதான் பேச்சை எடுத்தார். ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டி ரோட்டோரம் மூணு சென்ட்டு, பெரியவன் மாரப்பன் வீட்டிலேயே இருக்கிறான், சின்னவனே, உனக்கு என்ன வேணும் சொல்லு. வாயைத் திறந்து மூணு சென்ட்டு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. நஞ்சப்பன் எழுந்து நின்றான், எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை, நின்றான், சுவரில் ஆணியடித்துத் தொங்கின ஏர் கன்னைக் கையைக் காட்டி, எனக்கு எங்கய்யன் ஞாபகமா அது ஒண்ணு போதும் மாமா, என்றான். அவன் கணக்கு என்னவென்றால், சொன்னதும் எல்லோரும் பதறி, அதெப்படிடா, அதையும் எடுத்துக்க, நிலத்தையும் எடுத்துக்க என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள், இவன் வேண்டாம் வேண்டாம் என்பான், அப்புறம் பெரியவர்கள் மனசு நோகக் கூடாதென்று சம்மதிப்பான். ஒருத்தரும் பதறவில்லை. அண்ணன் "சரி" என்றான். அவ்வளவு சீக்கிரமாக அண்ணன் எதற்கும் சரி என்று சொல்லி நஞ்சப்பன் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இப்போது அந்த மூணு சென்ட்டில் அண்ணன் ஹோம் ஸ்டே கட்டியிருக்கிறான், மூணு ரூம், ரூமுக்கு ஒரு கெய்சர், இங்கிலீஷில் போர்டு. குன்னூர் பஸ் அந்த வழியாகத்தான் போகும். இன்றைக்கும் போயிற்று. அந்த இடம் வரும்போதெல்லாம் தெய்வானை மறுபக்கத்து ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும், நாலு நாள் சோறு போடாமல் இருந்திருந்தால்கூட அஞ்சாம் நாள் சமாதானம் ஆகியிருக்கும். பதினோரு வருஷமாக அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை, அதுதான் நஞ்சப்பனைக் கொன்றுகொண்டிருந்தது.

"கட்டை வால்நட்டு மரம்," என்றார் ஹவில்தார், யாரிடமும் இல்லாமல். துப்பாக்கியைத் தூக்கி, கட்டைக்கு மேலிருக்கிற இரும்பை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். மோந்து பார்ப்பார் என்று எவன் கண்டான். கண்ணால் பார்ப்பார், கையால் தடவுவார், அதற்கெல்லாம் அவன் தயாராக வந்திருந்தான், மூக்குக்குத் தயாராக வரவில்லை. ஹவில்தார் துப்பாக்கியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து மறுபடி மோந்தார். "ம்," என்றார். இந்த ம் எந்த ம் என்று நஞ்சப்பன் யோசித்தான். டாக்டர்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிற ம் ஒன்று உண்டு, கல்யாணப் புரோக்கர் பெண்ணின் வயதைக் கேட்டுவிட்டுச் சொல்கிற ம் ஒன்று உண்டு, இது இரண்டிலும் சேராது.

"ஏனுங்க, டீ ஆறுதுங்க," என்றாள் தெய்வானை. ஹவில்தார் வீட்டில் கொடுத்த டீ ஸ்டூலின்மேல் ஆடை கட்டிக் கிடந்தது. குடித்தான். டீ உள்ளே போகிற வழி முழுக்கத் தெரிந்தது, தேயிலை பாக்டரியில் எடை கிளார்க்காக முப்பத்தி ரெண்டு வருஷம் இருந்தவனுக்கு இது மூணாந்தரத் தூள் என்றும் தெரிந்தது, அந்த நேரத்திலும் அது தெரிந்ததில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை. தராசில் ஒரு சாக்கை வைத்தால் முள் ஆடி நிற்பதற்கு முன்னாலேயே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் சுவரில் தொங்குகிற ஒரு சாமான் என்ன சாமான் என்று தெரியாமலேயே எடுத்துவிட்டானே. இல்லை, தெரியாமல் இல்லை. அய்யன் சொல்லியிருக்கிறார். அய்யன் எஸ்டேட் துரைக்கு டிரைவர். துரை சீமைக்குக் கப்பலேறுகிற அன்றைக்குப் பங்களா வாசலில் நின்று, ரங்கா, இந்தா வச்சுக்கோ என்று தன் கையால் கொடுத்தது. நஞ்சப்பனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது துரை சும்மா கொடுத்தார். பத்தாங்கிளாஸ் படிக்கும்போது துரை கைகுலுக்கிக் கொடுத்தார். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது தெய்வானையின் அப்பாவிடம் அய்யன் சொன்ன கதையில் துரை அழுதுகொண்டே கொடுத்தார், துரைசாணியும் அழுதாள், பங்களா நாய்கூடச் சாப்பிடவில்லை. அய்யன் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அடிப்படையில் துரை கொடுத்தது உண்மையாகத்தானே இருக்க வேண்டும். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான், தம்பி, அந்தத் துப்பாக்கி ஊட்டிப் பொருட்காட்சியில பலூன் சுடற கடைக்காரன்கிட்ட அய்யன் வாங்கினதுன்னு ஒரு பேச்சு இருக்குது, உனக்குத் தெரியுமா. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எதிர்வரிசையில் தெய்வானை இலையை மூடினாள், ரசமே இன்னும் வரவில்லை.

அதற்கப்புறம்தான் அவன் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், தகர ஷெட்டில் உட்கார்ந்து, இதே மாதிரி பேரலுக்குக் கீழே லீவர் வைத்த ஏர் கன் ஒன்றைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினார். பேரலுக்குப் பின்னால் இரும்பு உருளை, அதன்மேல் எழுத்து இருக்கும், அந்த எழுத்துதான் எல்லாம் என்றார். அது நஞ்சப்பனுக்குப் புரிந்தது, ஏனென்றால் அவனுக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. அய்யனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் உருளைமேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தி, இது துரை பேருடா என்பார். துரை பேராவது ஒன்றாவது, கம்பெனிப் பேராக இருந்திருக்கும், நாலு வரி, பொடி எழுத்து. ஆக, எழுத்து இருக்கிறது, சுவரில் தொங்கித் தொங்கிக் கரி ஏறி மறைந்திருக்கிறது, கொஞ்சம் பளிச்சென்று எடுத்துவிட்டால் ஹவில்தார் கண்ணுக்குச் சட்டென்று படும். இப்படி நினைத்தது ஞாயிற்றுக்கிழமை காலை. தெய்வானை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். உப்புத்தாளை எடுத்து, தண்ணீர் தொட்டு, பத்து நிமிஷம், கை வலிக்க, மூச்சு வாங்க, அய்யனே இருந்தால் மெச்சியிருப்பார், அப்படித் தேய்த்தான். தேய்த்த பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். எழுத்து இல்லை. ஒரு வரி இல்லை, ஒரு எழுத்து இல்லை, தரை துடைத்த மாதிரி வழவழவென்று இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேய்ப்பதற்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கக் கூடாதா. அன்றைக்குச் சாயந்தரம், இதைவிட என்ன கொடுமை என்றால், அந்த வீடியோவின் பாக்கியைப் பார்த்தான். தாடிக்காரர் விரலை ஆட்டி ஆட்டி, எதைச் செய்தாலும் செய்யுங்கள், உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள் என்று கெஞ்சினார். இங்கிலீஷ் பாதிதான் புரியும் என்றாலும் அந்தப் பாதி நன்றாகப் புரிந்தது. வெள்ளை வெளேரென்று தெரிந்த இடத்தை மறைக்க வேறென்ன செய்வது, கருப்புச் செருப்புப் பாலிஷ் இருந்தது, போட்டான். அந்த வாசனையைத்தான் ஹவில்தார் இரண்டு தடவை மோந்து பார்த்தார். மூணு சென்ட்டைக் கொடுத்து ஏர் கன் வாங்கினவன், அந்த ஏர் கன்னையும் பத்தே நிமிஷத்தில் தேய்த்துத் தீர்த்தவன், இவனை என்னவென்று சொல்வது. தெய்வானைக்கு இது தெரிந்தால் ஒயர் கூடை போய் நடுவில் பீரோ வந்துவிடும்.

தெய்வானை வராமல் இருந்திருக்கலாம். அவள் வந்ததுதான் தப்பு. நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன் என்று எத்தனை சொன்னான், நானும் வர்றனுங்க என்று சேலை மாற்றிக்கொண்டாள். அவள் அப்படி எங்கேயும் தானாகக் கிளம்புகிறவள் இல்லை. தீர்ப்பைக் காதால் கேட்க வருகிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. பெட்ஷீட்டில் சுற்றிய துப்பாக்கியைப் பஸ்ஸில் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு வந்தான். பக்கத்துச் சீட்டுக்காரர், எங்கீங்க கச்சேரி என்று கேட்டார். நஞ்சப்பன், குன்னூர்லீங்க என்றான். நாதஸ்வரமா என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டான், அப்புறம் அந்த ஆள் கீர்த்தனை கீர்த்தனையாகப் பேச ஆரம்பித்து, குன்னூர் வந்து சேர்வதற்குள் நஞ்சப்பனுக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. ஹவில்தாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோமா. ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான்தான், என்று ஆரம்பித்தால் பக்கத்தில் ஒரு தலை திரும்பும். அந்தத் தலை திரும்புவதை அவனால் பார்க்க முடியாது.

ஹவில்தார் இரண்டு திருகைக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, கண்ணாடியை வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டே ஏதோ நம்பரைப் படித்தார். நோட்டு ஒன்றைப் புரட்டினார். புரட்டின வேகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது. "இது எங்கிருந்து உங்களுக்கு?" என்றார்.

"எங்கய்யனுதுங்க. எஸ்டேட் துரை கொடுத்ததுங்க." அழுதுகொண்டே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"கொடுத்திருக்கலாம். இது முதல் உலக யுத்தத்துக்கு முந்தின சாமான். இங்கிலாந்து. அசல்." உருளைமேல் கட்டைவிரலை வைத்தார். "இங்க எழுத்து இருந்திருக்கணும், நாலு வரி. கம்பெனி பேரு எல்லாம். ஒண்ணுமே இல்ல. யாரோ தேய்ச்சிருக்காங்க."

அசல் என்ற சொல் காதில் விழுந்து, நெஞ்சுக்குள் இறங்கி, அங்கே ஒரு பாயசம் குடித்த நிறைவு பரவத் தொடங்கிய அதே நொடியில் தேய்ச்சிருக்காங்க என்ற சொல்லும் வந்து விழுந்தது. பலூன் துப்பாக்கி இல்லை, அண்ணன் வாயில் மண், அய்யன் பொய் சொல்லவில்லை, நாய் பட்டினி கிடந்ததுகூட உண்மையாக இருக்கலாம், அதெல்லாம் சரி, தேய்த்தது யார். நஞ்சப்பன் வாயைத் திறந்தான். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் திறந்தான். "எங்கய்யன்தானுங்க தேய்ச்சிருப்பாரு. அவரு கொஞ்சம் சுத்தக்காரரு," என்று அந்த வாய் சொல்லிற்று. செத்துப் பதினோரு வருஷமான மனுஷன், மறுத்துப் பேச வரமாட்டார் என்கிற தைரியம். அய்யா, மன்னிச்சுக்கோ, அமாவாசைப் படையலுக்குக் கூடுதலா ஒரு வடை வைக்கிறேன்.

ஹவில்தார் தலையை ஆட்டினார். "அவ்வளவு பழைய தேய்ப்பு இல்ல. ஒருநாள்ல தேய்ச்சதும் இல்ல. வருசா வருசம் தேய்ச்சிருக்காங்க, அதுவும் கையால, ஒரே பக்கமா." ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்துத் திருகின் பள்ளத்தில் நெம்பினார். மஞ்சளாக ஒரு பொடியும் சிவப்பாக ஒரு பொடியும் கம்பளிமேல் உதிர்ந்தன. "சந்தனம். குங்குமம். பூசை போட்டிருக்கீங்க."

"நான்தானுங்க," என்றாள் தெய்வானை.

நஞ்சப்பன் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை, ஹவில்தாரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். "ஆயுத பூசைக்குத் தேய்க்கறதுங்க. அன்னிக்கு இவரு பாக்டரியில பொரி பொட்டலம் கொடுக்கப் போயிருவாரு. அருவாமணை, கத்திரி, மம்முட்டி எல்லாத்தையும் எடுத்துப் போட்டுத் தேய்க்கறப்ப இதையும் தேய்ப்பனுங்க. உப்புத்தாள், அப்புறம் புளி. பூசை முடிஞ்சு இவரு வர்றதுக்குள்ள பொட்டைத் தொடைச்சுச் சுவத்துல மாட்டிருவனுங்க. இவரு ஆசைப்பட்டு எடுத்துட்டு வந்தது, துருப்புடிச்சுத் தொங்குனா நல்லா இருக்குமுங்களா. மேல ஏதோ பொடிப்பொடியாக் கருப்பா இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். வர மாட்டேன்னுச்சு, விடாம அழுத்தித் தேய்ச்சேன். மூணு நாலு வருசத்துல சுத்தமாப் போயிருச்சுங்க."

இங்கே நஞ்சப்பனைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேய்த்தது வெறும் வெறுமையைத்தான், எழுத்து எப்போதோ போய்விட்டது, அவன் நிரபராதி, கிட்டத்தட்ட நிரபராதி. முதுகு தானாக நிமிர்ந்தது. பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக மன்னிக்கிற இடத்தில் அவன் இருக்கிறான். எப்படி மன்னிப்பது என்றுகூட யோசித்துவிட்டான், சரி விடு, தெரியாம செஞ்சதுதானே, என்று கொஞ்சம் இழுத்து, தொண்டையைக் கனைத்து. அதற்குள் ஹவில்தார் விலையைச் சொன்னார். எழுத்தோடு இருந்திருந்தால் ஆசைப்படுகிறவன் லட்சத்துக்கு மேல் கொடுப்பான். இப்படியே என்றால் பதினைந்தாயிரம், அதுவும் சேர்த்து வைக்கிற பைத்தியம் யாராவது வந்தால்.

தெய்வானை லட்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப அன்னிக்கு இவரு எடுத்தது நல்ல சாமான்தானுங்களா?" என்றாள்.

"நல்ல சாமான்மா. நான் சர்வீஸ்ல இந்த மாடல் ரெண்டுதான் பார்த்திருக்கேன்."

"இதையே கோத்தகிரிக்கு வந்து இவங்கண்ணன் முன்னால ஒருக்காச் சொல்லுவீங்களா? பஸ் காசு நாங்க கொடுத்தர்றோம். பதினோரு வருசமாச் சிரிக்கறாங்க. எங்கே போனாலும், எந்த விசேஷத்துலயும். அது என்ன துப்பாக்கின்னு எனக்குத் தெரியாது, நான் என்னன்னு பதில் சொல்றது. வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். இன்னிக்கு என்னன்னு கேட்டுட்டுப் போயிறலாம்னுதானுங்க கூட வந்தேன்."

நஞ்சப்பன் நிமிர்த்தி வைத்த முதுகு இருந்த இடம் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்த வாய் மூடியிருந்தது தன்னை எதிர்த்து என்றுதானே நினைத்தான். பந்தியில் ரசத்துக்கு முன்னால் இலையை மூடினது யாருக்காக. இவளைக் கண்டு பயந்து பயந்து செத்தானே. பாக்டரியில் அவன் பொரி பொட்டலம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இவள் வீட்டில் முந்தானையைச் செருகிக்கொண்டு அவனுடைய முட்டாள்தனத்தை உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பொட்டு வேறு வைத்திருக்கிறாள். அழுதுவிடுவோமோ என்று பயந்து டீ டம்ளரைப் பார்த்தான், அது காலி.

"மேலாக ஒண்ணு மட்டும் புதுத் தேய்ப்பு," என்றார் ஹவில்தார், இரக்கமே இல்லாமல். "ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். அதுக்கு மேல செருப்புப் பாலிஷ்."

"பாலிஷ் நான் போடலீங்களே," என்றாள் தெய்வானை.

அறையில் மூன்று பேர். ஒருவர் ஹவில்தார். நஞ்சப்பன் எழுந்து நின்றான், இந்தத் தடவை நிற்க வேண்டியிருந்தது. "நான்தானுங்க. ஞாயித்துக்கெழம. எங்கய்யன் தேய்க்கலீங்க, அவரை விட்டுருங்க."

தெய்வானை அவனைப் பார்த்தாள். எதைக் கண்டு மூன்று நாளாகத் தூங்காமல் கிடந்தானோ அந்தத் தலை திரும்பியே விட்டது. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கிற்று, அழுகிறாளோ என்று ஹவில்தாரே பதறிப்போனார். சிரிக்கிறாள். "அப்ப ரெண்டு பேருமாச் சேந்துதான் அழிச்சிருக்கறோம்," என்றபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கூடையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான் நஞ்சப்பன். அன்றைக்குக் கூடத்தில் இவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவன் மாமாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், இவள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. "அன்னிக்கு உன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் தெய்வான," என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியைப் பெட்ஷீட்டில் சுற்ற ஆரம்பித்தாள். "கேட்டிருந்தா மூணு சென்ட்டத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்," என்றாள்.